மிலானில் துணி, ஷூ வாங்க எங்கே போவது: அவுட்லெட்டா, கடைத்தெருவா, சந்தையா, சின்னக் கடையா?

எங்கள் மாடி வீட்டு அக்காவும் அவர் கணவரும் ஜூலை முதல் வாரத்தில் இத்தாலி போகிறார்கள். மிலானில் நான்கு நாள். போன வாரம் அக்கா கேட்டார்: "தம்பி, அவுட்லெட்டுக்குப் போனால் பாதி விலைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அது ஊருக்கு வெளியே இருக்காமே? ஒரு நாள் முழுக்க அதுக்குக் கொடுக்கலாமா, இல்ல ஊருக்குள்ளேயே வாங்கிடலாமா?"

அவுட்லெட் என்றால் பல பிராண்டுகள் தங்கள் சரக்கைத் தள்ளுபடியில் விற்கும் கடைத் தொகுப்பு. மிலானுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை இதே கேள்வியோடு போய்த் தப்பான முடிவெடுத்தேன். அக்காவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

விலைச்சீட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் அவுட்லெட்தான் ஜெயிக்கும். ஆனால் பயணத்தில் வாங்குவது வேறு, தி.நகரில் வாங்குவது வேறு. தி.நகரில் வாங்கிய சட்டை இறுக்கமாக இருந்தால் அடுத்த வாரம் போய் மாற்றிக்கொள்ளலாம். மிலானில் வாங்கிய ஷூ சென்னையில் கடித்தால் அதோடு சரி.

சட்டமும் இதில் கைகொடுக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளில் குறை இருந்தால் 2 ஆண்டு உத்தரவாதம் உண்டு. இணையத்தில் வாங்கினால் பிடிக்கவில்லை என்று 14 நாளில் திருப்பலாம். கடைக்கு நேரில் போய் வாங்கியதற்கு அந்த 14 நாள் உரிமை கிடையாது. அளவு சேரவில்லை என்றால் மாற்றித் தருவதும் தராததும் கடைக்காரர் விருப்பம்.

அதனால் நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். நிதானமாகப் போட்டுப் பார்க்கவும், தப்பென்றால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் மாற்றவும் முடியுமா என்பது முதலில். எவ்வளவு நேரம் போகும் என்பது அடுத்தது. வரி கழித்து, பஸ் காசு கூட்டி, உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது மூன்றாவது. நம் ஊரில் கிடைக்காத பொருளா, நம் வெயிலுக்கு ஆகுமா என்ற இரண்டும் கடைசி. விலையை மூன்றாவது இடத்தில் வைத்ததற்குக் காரணம் கீழே வரும்.

## வரி திரும்பும் கணக்கு

இத்தாலியில் துணிக்கும் ஷூவுக்கும் 22 சதவீத மதிப்புக்கூட்டு வரி விலைக்குள்ளேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் இதைத் திரும்பப் பெறலாம். முன்பு ஒரே கடையில் 154.94 யூரோவுக்கு மேல் வாங்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி முதல் 70 யூரோவைத் தாண்டினாலே போதும். ஒரு நல்ல ஷூ வாங்கினாலே இந்த எல்லை வந்துவிடும் என்பதால் சாதாரணப் பயணிக்கு இது பெரிய மாற்றம். சென்னையிலிருந்து போகிறவர்களைப் போலவே சுவிட்சர்லாந்திலும் லண்டனிலும் இருக்கும் நம் ஆட்களுக்கும் இது பொருந்தும். பாரிஸிலோ ஜெர்மனியிலோ குடியிருப்பவர்களுக்குக் கிடையாது.

22 சதவீதமும் கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். 200 யூரோ ஷூவில் அடங்கியிருக்கும் வரி சுமார் 36 யூரோ. அதில் மூன்றில் ஒரு பங்கு போல, பணத்தைத் திருப்பித்தரும் நிறுவனத்தின் கட்டணமாகப் போய்விடும். வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் போடச் சொல்ல வேண்டும். கிளம்பும் நாளில் மால்பென்சா விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரமாவது முன்னால் போக வேண்டும். அங்கே சுங்கத்தில் அந்தப் படிவத்தை உறுதிசெய்ய வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பெட்டியைச் செக்-இன்னில் போடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். துபாய், தோஹா வழியாக வருபவர்களுக்கு மிலானிலேயே முடிந்துவிடும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால், கையில் கொண்டுபோகும் பொருளுக்கு அங்கேதான் காட்ட வேண்டும். வாங்கிய பொருளைப் போட்டுத் தேய்த்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

இந்தச் சலுகை அவுட்லெட்டிலும் கடைத்தெருவிலும் தாராளமாகக் கிடைக்கும். சின்னக் கடைகளில் சிலர் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். சந்தையில் எதிர்பார்க்க வேண்டாம்.

## அவுட்லெட்: செர்ரவாலே

மிலானுக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், பியமோந்தே மாநிலத்தில் இருக்கிறது செர்ரவாலே டிசைனர் அவுட்லெட். 2000-ல் திறந்தது. ஒரு சின்ன ஊர் போலவே கட்டி, இருநூறுக்கும் மேற்பட்ட கடைகளை வைத்திருக்கிறார்கள். மிலான் மையத்திலிருந்து தனி பஸ் உண்டு. போக ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம், வர அதே அளவு. ஆளுக்குப் போகவர இருபது யூரோவுக்கு மேல் ஆகும்.

மறைந்திருக்கும் முதல் செலவு இங்கேதான். இரண்டு பேருக்குப் பஸ்ஸும் மதியச் சாப்பாடும் சேர்த்தால் எழுபது, எண்பது யூரோ ஆகிவிடும். 300 யூரோவுக்கு வாங்கி 30 சதவீதம் மிச்சம் பிடித்தாலும் கையில் நிற்பது சொற்பம்தான். அதற்கு விலை ஒரு முழு நாள். நான்கு நாள் பயணத்தில் அது கால் பங்கு. தூவோமோ தேவாலயத்தின் கூரை மேல் நடக்கும் காலைப் பொழுதும், கால்வாய் ஓரத்தில் உட்காரும் மாலைப் பொழுதும் அந்த நாளோடு போகும்.

இரண்டாவது செலவு கண்ணுக்குத் தெரியாதது. அவுட்லெட்டில் இருப்பதெல்லாம் போன பருவத்தில் விற்காமல் மிஞ்சிய சரக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தயாரித்தும் அனுப்புகின்றன. துணி மெல்லிசாக இருக்கும், பொத்தான் சாதாரணமாக இருக்கும், பெயர் மட்டும் அதே பெயர். அந்தச் சட்டை ஒருபோதும் பெரிய விலைக்கு விற்றதே இல்லை. "70 சதவீதம் தள்ளுபடி" என்பதற்கு அங்கே பொருளில்லை.

மூன்றாவதுதான் என்னைக் கடித்தது. திரும்பும் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு கடையில் கறுப்பு ஷூ ஒன்றைப் பார்த்தேன். உட்கார்ந்து போட்டேன், நான்கு அடி நடந்தேன், வாங்கிவிட்டேன். மறுநாள் விடுதியில் போட்டபோது சுண்டுவிரல் நசுங்கியது. மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு மூன்று மணி நேரப் பயணம், இன்னொரு டிக்கெட். அப்படியே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

எப்போது அவுட்லெட் சரி? குறிப்பிட்ட ஒரு பிராண்டின் குறிப்பிட்ட பொருள் வேண்டும், அதன் கடை விலை உங்களுக்குத் தெரியும், ஆளுக்கு 500 யூரோவுக்கு மேல் செலவு செய்யப் போகிறீர்கள் என்றால் போகலாம். காரில் ஜெனோவா பக்கம் போகிறவர்களுக்கும் இது சரி, வழியிலேயே இருக்கிறது. வாரக் கடைசியில் மட்டும் போக வேண்டாம்.

## கடைத்தெரு: புவேனோஸ் ஐரெஸ், தோரினோ

மிலானின் பெரிய கடைத்தெரு கோர்சோ புவேனோஸ் ஐரெஸ். சிவப்பு மெட்ரோவில் போர்த்தா வெனெத்சியாவில் இறங்கி லோரெத்தோ வரை நடந்தால் முந்நூறுக்கு மேற்பட்ட கடைகள். தூவோமோவுக்குப் பக்கத்தில் தோரினோ தெரு இன்னும் மலிவு. மெட்ரோ டிக்கெட் 2.20 யூரோ, 90 நிமிடம் செல்லும். பெரும்பாலான கடைகள் மதியமும் மூடுவதில்லை, ஞாயிறும் திறந்திருக்கும்.

நான் முதலில் வைத்த அளவுகோலில் இதுதான் முன்னால் நிற்கிறது. நேற்று வாங்கியதை இன்று மாலை மாற்றலாம். சங்கிலிக் கடைகளில் பில்லும் சீட்டும் அப்படியே இருந்தால் சில வாரம் வரை திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எத்தனை நாள் என்பது பில்லிலேயே இருக்கும்.

குறை என்னவென்றால், அங்கே தொங்குவதில் பாதி நம் ஊர் மால்களிலேயே இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டைத் திருப்பி உள் லேபிளைப் பார்த்தேன். மேட் இன் இந்தியா. திருப்பூரிலிருந்து கப்பலில் வந்ததாகக்கூட இருக்கலாம். அதை யூரோ கொடுத்து வாங்கி விமானத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஷூவிலும் இதே கதை உண்டு. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைத்த ஷூக்கள் ஐரோப்பா முழுக்க விற்கின்றன. நல்ல சரக்குதான், ஆனால் அதைத் தேடி மிலான் போக வேண்டாம்.

தள்ளுபடிக் காலம் வந்தால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். இத்தாலியில் அதற்கு 'சால்தி' என்று பெயர். மிலான் இருக்கும் லொம்பார்தியாவில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலை முதல் வாரத்திலும் தொடங்கி 60 நாள் வரை ஓடும். தேதியை அரசு அறிவிக்கும். பழைய விலை, தள்ளுபடி சதவீதம், புதிய விலை மூன்றையும் சீட்டில் போட்டே ஆக வேண்டும். தொடக்கத்தில் 30 சதவீதம்போல இருக்கும், போகப்போக 50, 70 ஆகும். ஆனால் அதற்குள் ஆண்கள் ஷூவில் 41, 42 போன்ற நடு அளவுகள் தீர்ந்துவிடும். அக்கா போவது ஜூலை முதல் வாரம். சால்தி தொடங்கும் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர் அவுட்லெட்டுக்கு பஸ் ஏறத் தேவையே இல்லை.

மோந்தே நப்போலியோனே தெருவைப் பற்றி ஒரு வரி போதும். 2024-ல் உலகிலேயே வாடகை அதிகமான கடைத்தெரு என்று கணக்கெடுக்கப்பட்டது அது. பார்க்கப் போங்கள், ஜன்னல் அலங்காரம் அவ்வளவு அழகு. ஆனால் விலை பெரிதென்றால் வேலையும் நேர்மையும் பெரிது என்று நம்பிவிட வேண்டாம். அதே 2024-ல் மிலான் நீதிமன்றம், சில பெரிய பெயர்களுக்கு வேலை செய்த உள்ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதற்காக அந்த நிறுவனங்களின் பிரிவுகளைக் கண்காணிப்பில் வைத்தது.

## வாரச் சந்தை: பாப்பினியானோ, ஃபவுக்கே

மிலான்காரர்களே துணி வாங்கும் இடம் இது. பாப்பினியானோ சாலையில் செவ்வாய் காலையும் சனிக்கிழமை நாள் முழுக்கவும் சந்தை கூடும். பச்சை மெட்ரோவில் சந்த் அகோஸ்தீனோவில் இறங்க வேண்டும். ஃபவுக்கே தெருச் சந்தையும் அதே இரண்டு நாள்தான். ஷூவுக்குப் பேர்போனது.

காய்கறிக் கடை, சீஸ் வண்டி, அடுத்து மேசை மேல் மலைபோல் சட்டைகள். ஐந்து யூரோ குவியல், பத்து யூரோ குவியல் என்று தனித்தனி. பெண்கள் இரண்டு கையாலும் கிளறி, துணியின் ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, வேண்டாததைத் தூக்கிப் போடும் வேகத்தைப் பார்த்தால் நம் ஊர் ஆடித் தள்ளுபடி நினைவு வரும். கடைகளில் மிஞ்சிய நல்ல சரக்கும் இந்தக் குவியலில் கிடக்கும். சுருங்கிப்போகிற பாலியஸ்டரும் கிடக்கும். பிரித்தறியும் கை உங்களிடம் இருக்க வேண்டும்.

போட்டுப் பார்க்க அறை இருக்காது. போட்டிருக்கும் சட்டைக்கு மேலேயே மாட்டிப் பார்க்க வேண்டியதுதான். கார்டு வாங்க வேண்டும் என்பது சட்டம், ஆனாலும் ரொக்கம் வைத்திருப்பது நல்லது. விலை பேசுவது பெரிய அளவில் நடக்காது. இரண்டு எடுத்தால் கொஞ்சம் குறைப்பார்கள். கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

சந்தைக்கு வெளியே நடைபாதையில் பெரிய பிராண்டு பெயரில் போலிப் பைகளை விரித்து விற்பவர்கள் இருப்பார்கள். தொடாதீர்கள். இத்தாலியில் போலிப் பொருள் வாங்குபவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டம் இருக்கிறது.

கையில் நேரமும் பொறுமையும் இருந்து, பரிசு கொடுக்க ஸ்கார்ஃப், சாக்ஸ், லினன் சட்டை போன்றவை வேண்டுமென்றால் சந்தை அருமை. ஷூ வாங்குவதென்றால் நாற்காலி போட்டு உட்காரவைக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

## சின்னக் கடை

எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. ப்ரெரா, திச்சினேசே, வெர்ச்செல்லி பக்கத்துத் தெருக்களில் இரண்டு மூன்று பேர் நடத்தும் ஷூக் கடைகளும் சட்டைக் கடைகளும் இன்னும் இருக்கின்றன. மிலானுக்குத் தென்மேற்கே ரயிலில் போகும் தூரத்தில் உள்ள விஜேவானோ ஊரே ஷூத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே கோட்டைக்குள் ஷூ அருங்காட்சியகம்கூட வைத்திருக்கிறார்கள். அந்த மரபின் மிச்சம் இந்தக் கடைகளில் தெரியும்.

இரண்டாவது பயணத்தில் திச்சினேசே பக்கம் ஒரு கடைக்குள் போனேன். அறுபது வயது இருக்கும் அம்மா ஒருவர். நான் 41 கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார், ஷூவைப் போட்டுவிட்டுக் குனிந்து கட்டைவிரலால் என் பெருவிரல் நுனியை அழுத்தினார். "நோ" என்று தலையாட்டிவிட்டு 42 எடுத்து வந்தார். பிறகு கடைக்கு வெளியே தெருவில் நடந்து பார்க்கச் சொன்னார். செருப்புப் போட்டே வளர்ந்த நம் கால் முன்பக்கம் அகலம். இத்தாலிய ஷூவின் முன்பக்கம் ஒடுக்கம். அதை எனக்குச் சொன்னது அந்தக் கட்டைவிரல்தான். ஏழு வருடமாயிற்று, இருமுறை அடிப்பகுதி மாற்றி இன்னும் போடுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் "புவோன்ஜோர்னோ" சொல்லுங்கள். சொல்லாமல் போய்ப் பொருளை எடுத்தால் முகம் சுளிப்பார்கள். "போஸ்ஸோ ப்ரொவாரே?" என்றால் போட்டுப் பார்க்கலாமா என்று அர்த்தம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று, மூன்றரை வரை பல சின்னக் கடைகள் மூடியிருக்கும், திங்கள் காலையும் திறக்காது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வாரக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகஸ்டில் போகிறவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம்.

விலை? ஒரு தோல் ஷூ 150 யூரோவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. மாற்றித் தருவார்கள், பணம் திருப்பித் தருவது அபூர்வம்.

## ஒரே பார்வையில்

| | அவுட்லெட் | கடைத்தெரு | சந்தை | சின்னக் கடை |
|---|---|---|---|---|
| நேரம் | முழு நாள் | 2–3 மணி நேரம் | அரை நாள், செவ்வாய் அல்லது சனி | 1–2 மணி நேரம் |
| கூடுதல் செலவு | பஸ், சாப்பாடு | மெட்ரோ டிக்கெட் | மெட்ரோ டிக்கெட் | மெட்ரோ டிக்கெட் |
| மாற்றுவது | திரும்பப் போவது கஷ்டம் | எளிது | அநேகமாக முடியாது | கேட்டுப் பார்க்கலாம் |
| வரி திரும்புமா | ஆம் | ஆம் | இல்லை | கடையைப் பொறுத்து |
| நம் ஊரில் கிடைக்காதது | ஓரளவு | குறைவு | தேடினால் உண்டு | நிறைய |
| எதற்கு ஏற்றது | தெரிந்த பிராண்டு, பெரிய தொகை | சால்தி, அவசரத் தேவை | சின்னப் பரிசுகள், லினன் | ஷூ, பெல்ட் |

## எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியவை

அளவு எண்ணில் ஏமாற வேண்டாம். பெண்கள் உடையில் இத்தாலிய 44-ம், பிரெஞ்சு 40-ம், ஜெர்மன் 38-ம், பிரிட்டிஷ் 12-ம் ஒன்றுதான். ஒரே தெருவில் மூன்று நாட்டுக் கடைகள் இருக்கும். நம் ஊரில் ஷூவுக்குப் பிரிட்டிஷ் எண்தான். 8 போடுபவருக்கு அங்கே ஏறக்குறைய 42.

ஷூவின் அடியிலோ உள்ளேயோ சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி கட்டாயம். விரித்த தோல் வடிவப் படம் இருந்தால் தோல். வைர வடிவம் என்றால் வேறு பொருள், அநேகமாகச் செயற்கை. வலை போன்ற படம் துணி. மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். மேலே தோல், உள்ளே வைரம் என்றால் சென்னை வெயிலில் கால் வேகும். என்ன மிருகத்தின் தோல் என்பது அந்தப் படத்தில் தெரியாது. உள்பக்கம் பன்றித் தோல் வைப்பது அங்கே சாதாரணம். வேண்டாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், உள்ளங்கால் பகுதிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். தையல் வரிசை தட்டுப்பட்டால் அடிப்பகுதியைத் தைத்திருக்கிறார்கள், தேய்ந்தால் மாற்றலாம். வெளியே விளிம்பில் மட்டும் தையல் தெரிந்து உள்ளே எதுவும் தட்டுப்படவில்லையென்றால், விளிம்பில் வைத்துத் தைத்ததாகவும் இருக்கலாம், பசை போட்டு ஒட்டியதாகவும் இருக்கலாம், கடைக்காரரிடம் கேளுங்கள். ஒட்டியதென்றால் அந்த வெளித்தையல் வெறும் அலங்காரம்தான். ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது சேர்வதுதான் எப்போதும் சேரும்.

கம்பளிக் கோட்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும், சென்னையில் இருப்பவர் அதை வாங்கி என்ன செய்வது? 'லீனோ' என்று லேபிளில் இருந்தால் லினன். அது நம் ஊருக்கென்றே செய்ததுபோல. பெட்டியிலும் கனக்காது.

## அக்காவுக்குச் சொன்னது

முதல் நாள் மாலை புவேனோஸ் ஐரெஸில் ஒரு நடை. வாங்க வேண்டாம், விலை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மாலை சின்னக் கடையில் இருவருக்கும் ஷூ. மறுநாள் ஊர் சுற்றும்போது அதைக் கொண்டுபோக வேண்டாம், விடுதி அறைக்குள் கம்பளத்தின் மேல் அரை மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். கடித்தால் மாற்ற இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. சனிக்கிழமை காலை பாப்பினியானோ. கடைசி நாள் எதுவும் வாங்காதீர்கள். அவுட்லெட் இந்த முறை வேண்டாம்.

"மாப்பிள்ளைக்கும் ஒரு ஷூ வாங்கணுமே, அவர் வரலையே?" என்றார் அக்கா. எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போகாதீர்கள் என்றேன். மாலையில், அவர் வழக்கமாகப் போடும் சாக்ஸோடு, ஒரு வெள்ளைத்தாளின் மேல் எழுந்து நிற்கச் சொல்லிப் பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்துகொள்ளுங்கள். நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் எழுதி வையுங்கள். நேற்று அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். வலது கால் இடதைவிட அரை சென்டிமீட்டர் நீளம். கடையில் வலது காலைக் காட்டி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.